பசை உடையாத சிப்

நீ அதைத் தூக்கவே இல்லை. என்ன சொல்லப்போகிறாய் என்று எனக்குத் தெரியும், நீ எதிரில் இல்லாவிட்டாலும் உன் பதில் எனக்கு மனப்பாடம், அதனால் வாயைத் திறக்காதே. நான்கு மூலையிலும் கம்பெனியில் வைத்த சிவப்புப் பசை அப்படியே இருக்கிறது. ஒரு மூலைகூட விட்டுப்போகவில்லை, கத்தி முனை பட்ட கீறல்கூட இல்லை. அந்தப் பசை உடையாமல் இந்த லேப்டாப்பின் கிராபிக்ஸ் சிப்பைப் போர்டிலிருந்து தூக்க உன்னால் மட்டுமல்ல, எவனாலும் முடியாது. நீ என்ன செய்திருக்கிறாய், மேலே வெப்பக் காற்றுத் துப்பாக்கியைப் பிடித்துச் சூடு காட்டியிருக்கிறாய், திரையில் படம் வந்திருக்கிறது, மூடித் திருகை முடுக்கி "ரெடிங்க" என்று கொடுத்திருக்கிறாய். அது கொஞ்ச நாள் ஓடும், திரும்பச் சாகும், திரும்பச் சூடு. சரி, அதைக்கூட விடு, இந்த ஊரில் எவன் அதைச் செய்யவில்லை. ஆனால் அந்தப் புள்ளியை ஏன் வைத்தாய்? மெஜந்தா நெயில் பாலிஷ், சிப்பின் இடது மேல் மூலையில், நாம் வைக்கிற அதே இடத்தில், நாம் வைக்கிற அதே அளவில். அது வாடிக்கைக்காரருக்கு வைப்பதில்லை, அவர்களுக்கு அப்படி ஒன்று இருப்பதே தெரியாது. அது நீயும் நானும் பேசிக்கொள்வது. தூக்கியாச்சு, பழைய ஈயத்தைத் துடைச்சாச்சு, புது ஈய உருண்டை வைச்சு உட்கார வைச்சாச்சு, இனிமேல் திறக்கிறவன் கோளாறை வேறு இடத்தில் தேடு என்று ஒருத்தனுக்கொருத்தன் சொல்லிக்கொள்வது. அதை நம்பித்தான் போன வாரம் முழுக்க நான் வேறு இடத்தில் தேடினேன். பவர் லைனைப் பார்த்தேன், மெமரியை மாற்றிப் பார்த்தேன், திரைக்குப் போகிற வயரைச் சந்தேகப்பட்டேன், என் கண்ணைச் சந்தேகப்பட்டேன். உன் புள்ளியைச் சந்தேகப்படவில்லை. ஈயம் ஒட்டப் பூசுகிற ஃப்ளக்ஸ் கருகி, சிப்பைச் சுற்றி அடுப்புக்கரி மாதிரி அப்பியிருந்தது, இன்றைக்குக் காலையில் தின்னர் விட்டுச் சுரண்டியபோதுதான் சிவப்பு தெரிந்தது. மூன்று மூலையைப் பார்த்துவிட்டு நான்காவதற்கு வந்து உன் பாலிஷைச் சுரண்டினால் அதற்கடியிலும் சிவப்பு. பசையின் மேலேயே பூசியிருக்கிறாய். பக்கத்தில்கூட இல்லை, மேலேயே.

இப்போது போர்டு சூடேற்றுகிற ஸ்டேஷனில் இருக்கிறது, அடி ஹீட்டர் மெதுவாக ஏற்றிக்கொண்டிருக்கிறது, சுற்றியிருக்கும் சின்னச் சாமான்களுக்கெல்லாம் அலுமினியத் தாள் போர்த்திவிட்டேன், இனி எனக்குக் கையில் வேலை இல்லை, பார்த்துக்கொண்டிருப்பதுதான் வேலை. நான் சும்மா இருக்கிற ஆள் இல்லை என்பது உனக்குத் தெரியும், சும்மா இருக்கச் சொன்னால் மனசு கண்ட இடத்துக்கும் ஓடும். ஃபேனை நிறுத்தியிருக்கிறேன். காந்திபுரத்து மத்தியான வெயில் தகரக் கூரை வழியாகத் தலையில் இறங்குகிறது. எதிரில் ஸ்டூலில் வசந்தாமணியக்கா, மெஷினுக்குச் சொந்தக்காரி, முந்தானையால் விசிறிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது. வீட்டுக்குப் போங்க, ஆனதும் கூப்பிடுகிறேன் என்று சொல்லியும் போகவில்லை. "ஏனுங் தம்பி, அந்த ஃபேனைப் போட்டா என்னுங்? வேத்து ஊத்துது." "போடக்கூடாதுங்க்கா. ஒரு பக்கமா காத்தடிச்சா அந்தப் பக்கம் மட்டும் ஆறி போர்டு வளைஞ்சுக்கும்." "அட, அதுக்கு இருக்கற சொகம் நமக்கு இல்லையே" என்று சிரிக்கிறது. சிரிப்பு எனக்கு வரவில்லை. அது ஜாக்கெட்டுக்கும் பள்ளிக்கூடச் சட்டைக்கும் கம்ப்யூட்டர் எம்ப்ராய்டரி டிசைன் போடுகிற அக்கா. வரைகிற சாப்ட்வேர் இந்த போர்டோடு பூட்டியது, டிஸ்க்கைக் கழற்றி வேறு மெஷினில் போட்டால் சாவி கேட்கும், சாவி கொடுக்கிறவன் கடையை மூடிக்கொண்டு எந்த ஊருக்கோ போய்விட்டான். இந்த போர்டு செத்தால் இத்தனை வருஷமாகப் போட்ட டிசைன் ஒன்றுகூடத் திறக்காது, அதன் பிழைப்பு அதோடு முடிந்தது. புது சிப் போடலாம் என்றால் கிடைக்கிறதெல்லாம் பழசைத் தேய்த்து மேலே புதுத் தேதி அடித்த சரக்கு, போனில் மூன்று பேரோடு சண்டை போட்டுவிட்டேன். ஆக இதே சிப், இதே போர்டு. நீ எத்தனை தடவை சூடு காட்டினாயோ எனக்குத் தெரியாது, போர்டு தாங்குவதற்கும் ஓர் அளவு இருக்கிறது, அந்தக் கடைசிச் சூடு என் கையில் வந்து உட்கார்ந்திருக்கிறது.

"முன்னாடி பாத்தவரு தங்கமானவருங்க" என்கிறது அக்கா. உன்னைத்தான். "எத்தனை கேட்டாலும் பொறுமையா பதில் சொல்லுவாருங். உங்கள மாதிரி எரிஞ்சு விழமாட்டாரு. போனா மொதல்ல டீ சொல்லுவாரு." நான் ஹீட்டர் திரையில் சூட்டளவு எண் ஏறுவதையே பார்த்துக்கொண்டிருந்தேன். இன்னொருத்தன் கைபட்ட வேலையைப் பற்றி வாடிக்கைக்காரர் முன்னால் ஒரு வார்த்தை தப்பாகப் பேசக்கூடாது, அது இந்தத் தெருவின் வழக்கம், நான் அதைக் காப்பாற்றுகிறேன், நாக்கைக் கடித்துக்கொண்டு காப்பாற்றுகிறேன். டீ சொல்வாயாம். சொல்வாய். உனக்கென்ன, உன் முகத்துக்குக் கோபமே ஒட்டாது. உக்கடம் குடோனில் பழைய கம்ப்யூட்டரை உடைத்துத் தரம் பிரிக்கிற வேலையில் நாம் சேர்ந்தபோதே அப்படித்தான், மேஸ்திரி கத்துவான், நான் திருப்பிக் கத்துவேன், நீ குனிந்துகொண்டு ஒரு போர்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருப்பாய். "மாப்ள, இதுல எதுவும் சாகலைடா, ஒட்டுதான் விட்டிருக்கு" என்பாய். எனக்குப் பேரம் வந்தது, உனக்குக் கை வந்தது. கம்பெனிக்காரன் லாட்டு லாட்டாகத் தள்ளுகிற லேப்டாப்பை ஏலத்தில் நான் வாயாலேயே பாதி விலைக்கு இறக்குவேன், நீ அதை உயிரோடு எழுப்புவாய், அப்படித்தான் மாடியில் இந்த அறை வந்தது. பிறகு நீ படிக்க ஆரம்பித்தாய், அங்கேதான் கெட்டது. இணையத்தில் எங்கெங்கோ படித்துவிட்டு வந்து, கோளாறு அடி உருண்டையில் இல்லை மாப்ள, சிப்புக்குள்ளேயே இருக்கிற தூசியளவு சின்ன ஒட்டில் இருக்கிறது, நாம தூக்கித் துடைச்சு வைக்கிறோமே, அதனால சரியாகலை, அந்தச் சூட்டுனாலதான் சரியாகுது, தூக்கினாலும் சூடுதான், தூக்காட்டியும் சூடுதான், எதுக்கு மெனக்கெடறே என்றாய். நான் அதற்கு என்ன பதில் சொன்னேன் என்று ஞாபகம் இருக்கிறதா? எனக்கு இல்லை. கத்தினேன், நீ தனிக்கடை போட்டுக்கொண்டு போய்விட்டாய், அது மட்டும் ஞாபகம். பதில் இப்போதுதான் வருகிறது, இந்தச் சூட்டில் உட்கார்ந்திருக்கும்போது. உள்ளே கோளாறென்றால் உள்ளே கோளாறு என்று சொல்லு, சூடு காட்டினேன், கொஞ்ச நாள்தான் வரும் என்று சொல்லு, வாங்குகிறவன் வாங்கட்டும். புள்ளியை வைக்காதே. நீ சொன்னது சில சிப்புக்கு உண்மையாகவே இருக்கலாம், இருக்கிறது, நானும் பார்த்திருக்கிறேன், தூக்கி அழகாக வைத்தும் திரும்ப வந்து நின்ற மெஷின்கள் என் அலமாரியில் கிடக்கின்றன. இதுவும் அந்த ரகமாக இருந்தால்? ஆனால் அக்கா சொன்னதே, "இந்த எடத்துல கட்டை வெரலை வெச்சு அமுத்திப் புடிச்சா படம் வருதுங், ஒரு கையில அமுத்திக்கிட்டே ஒரு கையில வரைவேன்." அமுக்கினால் வருகிறதென்றால் உருண்டைதான் விட்டிருக்க வேண்டும். வேண்டும். இல்லையென்றும் சொல்ல முடியாது. அந்தக் கட்டை விரலில் நகத்துக்குக் கீழே தோல் தடித்துப் பளபளவென்று கிடக்கிறது, மாசக்கணக்காக அமுக்கியிருக்கிறது.

அந்த உருண்டையை அக்காவுக்கு நான்தான் விளங்க வைத்தேன். "கால் கிடையாதுங்க்கா இதுக்கு. அடியில கடுகைவிடச் சின்னதா ஈய உருண்டை நூத்துக்கணக்குல இருக்கும், அதுமேலதான் உக்காந்திருக்கும். சூடாகி ஆறி, சூடாகி ஆறி, ஒண்ணு ரெண்டு விட்டுக்கும்." "அப்ப மொத்தத்தையும் எடுத்துட்டுப் புதுசு வெப்பீங்களா?" "மொத்தத்தையும்." "பொறுமை வேணுமே தம்பி அதுக்கு" என்று என்னை ஏற இறங்கப் பார்த்தது. நக்கல். எனக்கு அந்த நக்கல் பிடித்திருந்தது, அதனால்தான் பயமாக இருக்கிறது, பிடிக்காத ஆளுடைய போர்டு செத்தால் தூக்கம் கெடாது. எண் ஏறிக்கொண்டிருக்கிறது. கரண்ட் போனால் என்ன ஆகும், இன்வெர்ட்டர் விளக்குக்குத் தாங்கும், ஹீட்டருக்குத் தாங்காது, பாதிச் சூட்டில் நின்றால் முதலிலிருந்து ஏற்ற வேண்டும், அது இன்னொரு சூடு, அது தாங்காது, போகாது, போகக்கூடாது, காலையிலேயே ஒருதரம் போய் வந்துவிட்டது. மேல் ஹீட்டரை இறக்கினேன். ஃப்ளக்ஸ் உருகி சிப்பின் ஓரத்தில் ஓடியது, அந்தப் புகை, மூக்கைக் குத்துகிற பைன் பிசின் வாசனை, அதை முகர்ந்தால் எனக்குப் பசிக்கும், ஏனென்று தெரியாது, அந்தக் காலத்தில் இந்த வாசனை அடித்தால் அன்றைக்குச் சாப்பாடு உண்டு என்று உடம்பு கணக்கு வைத்துக்கொண்டதோ என்னவோ. அப்போது பார்த்துக் கதவு தள்ளுகிற சத்தம். "டீ" என்று டீக்கடை பீர்பாய் பாதி உடம்பை நுழைத்தார். "பாய், கதவைச் சாத்துங்க! சாத்துங்க முதல்ல!" "ஏம்ப்பா, உள்ள பிரசவமா பாக்கறே?" "ஆமா, காத்து பட்டா செத்துரும், போங்க." "பொறந்ததும் சொல்லு, சர்க்கரை போட்டு எடுத்துட்டு வர்றேன்" என்று சாத்திவிட்டுப் படியிறங்கிக்கொண்டே யாரிடமோ என்னைத் திட்டினார். அக்கா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டது. சூட்டில் சிவப்புப் பசை இளகி ரப்பர் மாதிரி ஆகியிருந்தது. கத்தி முனையால் ஒவ்வொரு மூலையாகக் கிளறி எடுத்தேன், நீ எடுத்திருக்க வேண்டியதை. எண் உச்சிக்கு வந்தது. ஈயம் உருகிவிட்டதா என்று கண்ணுக்குத் தெரியாது, தொட்டுத்தான் பார்க்க வேண்டும், முழுக்க உருகாமல் தூக்கினால் போர்டில் ஒட்டியிருக்கும் செப்புப் புள்ளிகளும் சேர்ந்து பிய்ந்து வரும். இடுக்கியால் சிப்பின் ஓரத்தைப் பூப்போல ஒரு தட்டு. நகர்ந்தது, நகர்ந்த கணத்தில் தன் இடத்துக்குத் தானாகத் திரும்பி வந்து நின்றது, தண்ணீரில் மிதக்கிற இலை மாதிரி. இந்த ஒன்றைப் பார்க்கும்போது மட்டும் எனக்குக் கோபம் என்பதே மறந்துபோகும். காற்றால் உறிஞ்சிப் பிடிக்கிற பேனாவைச் சிப்பின் மேல் வைத்துத் தூக்கினேன். வந்துவிட்டது.

வந்ததும் "ஆயிடுச்சுங்களா?" என்றது அக்கா. "பாதிங்க்கா." ஆறவிட்டு, ஈயத்தை உறிஞ்சுகிற செப்புத் திரியால் போர்டைத் துடைத்து, லென்ஸை இழுத்துப் பார்த்தேன். வரிசை வரிசையாகச் செப்புப் புள்ளிகள், எல்லாம் பளிச்சென்று, இடது பக்கம் சரி, நடுவில் சரி, கீழ் மூலையில் இரண்டு இல்லை. அக்கா கட்டை விரலை வைத்து அமுக்குகிற அதே மூலை. துடைத்ததில் போனதல்ல, நான் பழிக்கு ஆள் தேடுகிறேன் என்று நினைக்காதே, சிப்பின் அடியில் அந்த இரண்டு உருண்டையோடு செப்பும் ஒட்டிக்கொண்டு கறுத்துக் கிடக்கிறது, கறுத்ததென்றால் பழைய முறிவு, சூடு மேல் சூடாகக் காட்டிக் காட்டிப் புள்ளி போர்டை விட்டுக் கிளம்பி எத்தனையோ நாளாயிற்று. முதல் தடவையே தூக்கியிருந்தால் அது அங்கேயே இருந்திருக்கும். கம்ப்யூட்டரில் போர்டின் வரைபடத்தைத் திறந்து பார்த்தேன். ஒன்று எங்கேயும் போகாத புள்ளி, அது இல்லாவிட்டால் போகட்டும். இன்னொன்று திரைக்குப் போகிற லைன். அது இல்லாமல் எத்தனை புது உருண்டை வைத்தாலும் இருட்டுதான். பக்கத்தில் அதே லைன் வந்து சேருகிற ஊசி முனை அளவு துளை இருக்கிறது, அதிலிருந்து தலைமுடியைவிட மெல்லிய கம்பியை இழுத்து, போன புள்ளி இருந்த இடத்தில் தட்டையாகச் சுருட்டிப் படுக்க வைத்து ஒட்ட வேண்டும், அதன் மேல் உருண்டை உட்கார வேண்டும், ஒரு பக்கம் மேடாக இருந்தாலும் சிப் சாய்ந்துவிடும், இன்னொரு தடவை தூக்க இந்த போர்டில் உயிர் இல்லை. கம்பியை எடுத்தேன். ஒரு தடவை முயன்றேன். என் ஆள்காட்டி விரல் நுனி செத்த விரல், குடோனில் டிவி டியூப் வெடித்தபோது கண்ணாடி உள்ளே போய் நரம்பை அறுத்துவிட்டது, இடுக்கியை எவ்வளவு அழுத்துகிறேன் என்பது அந்த விரலுக்குத் தெரியாது. கம்பி மடங்கியது. கீழே வைத்துவிட்டேன். பக்கத்துப் புள்ளியைச் சுரண்டிவிட்டால் அதுவும் போகும்.

"ஏன் தம்பி, மூஞ்சி இப்படிப் போவுது?" ஒன்றுமில்லை என்றேன். ஒன்றுமில்லையா. இந்த இடத்தில் தெருவே சொல்கிற ஒரு வார்த்தை இருக்கிறது: "போர்டு செத்துடுச்சுங்க." அதற்கு மேல் எவரும் கேள்வி கேட்க முடியாது, டாக்டர் சொல்வது மாதிரி, கையைக் கழுவிக்கொண்டு அடுத்த மெஷினை எடுக்கலாம். இல்லாவிட்டால் கம்பி வைக்காமல் உருண்டையை வைத்து, சிப்பை ஒட்டி, வரவில்லை, எல்லா வேலையும் செய்து பார்த்தாயிற்று, சிப்புக்குள்ளேயே கோளாறு என்று நீ படித்து வந்த கதையை நானும் சொல்லலாம், உன்னுடைய கதை எனக்கு உதவும், பார், எவ்வளவு நன்றாகப் பொருந்துகிறது. அக்கா கேட்டுக்கொள்ளும். அழாது. எழுந்து, சரிங்க தம்பி, உங்களால ஆனதைச் செஞ்சீங்க என்று எனக்கே ஆறுதல் சொல்லும், அந்த ரகம். படியிறங்கும்போது கட்டை விரலைத் தடவிக்கொண்டே போகும். பேரத்தில் நான் எவனுக்கும் மடங்கினதில்லை, எதிராளி எங்கே இறங்குவான் என்பது அவன் கழுத்து அசைவதில் தெரியும் எனக்கு, ஆனால் என்னோடு நானே பேசுகிற பேரத்தில் எவன் இறங்குவது? வேறு ஆள் இருக்கிறானா என்று தெரு முழுக்க மனசால் நடந்து பார்த்தேன். மாடிப்படிக்குக் கீழே கடை வைத்திருக்கிறவன், அவனுக்குக் கண் போய்விட்டது. மூலைக்கடை, அவன் காற்றுத் துப்பாக்கியைத் தவிர ஒன்றும் தொட்டதில்லை. சென்னைக்கு அனுப்பினால் வழியிலேயே குலுங்கிப் போகும். சுற்றிச் சுற்றி மனசு ஒரே கடை வாசலில் வந்து நிற்கிறது, நான் திட்டித் துரத்தத் துரத்த அங்கேயே போய் நிற்கிறது. இந்தக் கம்பியை வைக்க இந்த ஊரில் ஒரே ஒரு கைதான். நீ மூச்சை நிறுத்திக்கொண்டு வைப்பாய், வைத்து முடித்த பிறகு விடுகிற அந்தப் பெருமூச்சு எனக்கு இன்னும் காதில் இருக்கிறது. அதுதானடா எனக்கு ஆத்திரம். கை வராதவன் சூடு காட்டினால் அவன் விதி. இந்தக் கையை வைத்துக்கொண்டு நீ காட்டினாய்.

போனை எடுத்தேன். உன் பெயரை அழித்துவிட்டேன், ஆனால் எண்ணை விரல் மறக்கவில்லை, செத்த விரல்கூட மறக்கவில்லை. மணி போகிறது. எடுக்கமாட்டாய். திரையில் என் பெயரைப் பார்த்து வைத்துவிட்டுப் போவாய், அல்லது நீயும் அழித்திருப்பாய், யாரோ என்று எடுப்பாய். "யாருக்குங்க?" என்று அக்கா மெதுவாகக் கேட்டது. "முன்னாடி பாத்தவருக்கு." "அவருக்கா? அவரு எதுக்கு?" நீ செய்ததை நான் சொல்லக்கூடாது, அது என் வாயிலிருந்து வந்தால் பொறாமை, கோபம், கடைச்சண்டை, எது வேண்டுமானாலும் ஆகும், உன் வாயிலிருந்து வந்தால்தான் அது உண்மை. மணி நின்றது. எடுத்துவிட்டாய். மூச்சு கேட்கிறது, பின்னால் உன் கடை ஃபேன் கடகடக்கிறது. "நான்தான்" என்றேன். "தெரியுது" என்றாய். "எம்ப்ராய்டரி வசந்தாமணியக்கா போர்டு. தூக்கிட்டேன். கீழ்மூலையில டிஸ்ப்ளே லைன் புள்ளி போயிருக்கு. கம்பி வைக்கணும்." "நீயே வை மாப்ள" என்றாய், இத்தனைக்குப் பிறகும் மாப்ள. "என் கையைப் பத்தி உனக்குத் தெரியும்." "அது வந்து, அன்னிக்கு என்ன ஆச்சுன்னா..." அக்கா காதில் விழாமல் படிக்கட்டுக்கு வந்து கதவைச் சாத்தினேன். "எனக்குக் கதை வேண்டாம். கதையை நானே இவ்வளவு நேரம் உனக்காகப் பேசிப் பாத்துட்டேன், எதுவும் நிக்கலை. கேளு. அக்கா இங்கதான் உக்காந்திருக்கு. உன்னைத் தங்கம்னு சொல்லிட்டிருக்கு. வந்து நேரா அதுகிட்டப் போ, என்ன செஞ்சேன்னு உன் வாயால சொல்லு, அது திட்டினா வாங்கிக்கோ, திட்டலைன்னாலும் நில்லு. அப்புறம் இங்க வந்து உக்காந்து மூச்சை நிறுத்திட்டு அந்தக் கம்பியை வை. படம் வர்ற வரைக்கும் எந்திரிக்கக்கூடாது. இன்னும் எதுக்குடா போனைப் புடிச்சுட்டு நிக்கறே, கிளம்பு."